விடிய விடிய நாடகம்: ராமநாதபுரம் கடற்கரை ஊர்களுக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பங்குனி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஊர்களில் ஒவ்வொன்றாகக் காப்புக் கட்டத் தொடங்குவார்கள். அன்றிலிருந்து ஆடி வரை கோயில் திருவிழாக்களின் காலம். விழாவின் ஏதாவது ஓர் இரவில் வள்ளி திருமணமோ அரிச்சந்திர மயான காண்டமோ பவளக்கொடியோ மேடையேறும். திறந்தவெளி, மண் தரை, ஆர்மோனியம், மிருதங்கம், விடிந்த பிறகுதான் முடியும் பாட்டும் வாதமும். டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம்.

ஆனால் எந்த ஊரில், எந்த இரவில் என்று வெளியூர்க்காரருக்குச் சொல்ல ஓர் அலுவலகமும் இல்லை. உள்ளூர்க்காரர்களுக்கு அது தானாகவே தெரியும் என்பதால் யாரும் எழுதி வைப்பதும் இல்லை. வேலை மாற்றலாகி ராமநாதபுரம் வந்த பிறகு, ஒரு நாடகத்தை முழுமையாகப் பார்த்து முடிக்க எனக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது. தேதி கிடைத்தால் பஸ் இல்லை. பஸ் கிடைத்தால் அன்றைக்கு விழா தள்ளிப்போயிருக்கும். எல்லாம் சரியாக அமைந்த இரவில் ஒரு மணிக்குக் கண் செருகிவிடும். இந்த நாடகங்களின் உயிர் நள்ளிரவுக்குப் பிறகுதான் இருக்கிறது. கீழே சொல்லியிருக்கும் ஏற்பாடுகள் எல்லாம் அந்த நேரத்தில் நீங்கள் விழிப்போடும் நிம்மதியோடும் மேடைக்கு எதிரில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

1. எந்த நாடகம் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் பக்கம் நடப்பவை பெரும்பாலும் நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வழியில் வந்த இசை நாடகங்கள். ஊர்க்காரர்கள் ‘நாடகம்’ என்றே சொல்வார்கள்; நடிகர்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என்பார்கள். நிரந்தரக் குழு என்று ஒன்று இருக்காது. கதாநாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகியாக வரும் ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து, சிரிக்க வைக்கும் பபூன் இன்னோர் ஊரிலிருந்து. ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி அமர்த்தியிருப்பார்கள். ஒத்திகை இல்லை. கதையும் பாடல்களும் எல்லோருக்கும் மனப்பாடம். இடையில் வரும் வாதம் அன்றைக்கு மேடையிலேயே பிறக்கிறது. ஒரே வள்ளி திருமணத்தை இரண்டு ஊர்களில் பார்த்தால் இரண்டு வேறு நாடகம் பார்த்த நிறைவு கிடைப்பது அதனால்தான்.

முதல்முறை போகிறவர்களுக்கு வள்ளி திருமணத்தையே சொல்வேன். அதிகம் நடப்பதும் அதுதான். தினைப்புனம் காக்கும் வள்ளி, கலகம் மூட்டும் நாரதர், வேடனாகவும் கிழவராகவும் வரும் முருகன் என்று கதை எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் பாட்டிலும் பேச்சிலும் முழுக் கவனத்தையும் வைக்கலாம். இரண்டாவதாக அரிச்சந்திரா. மனம் கனக்கும் நாடகம் அது. அன்றைய இரவு உங்களுக்கு உடல் அசதி இருக்கக் கூடாது. சத்தியவான் சாவித்திரி, பவளக்கொடி, அல்லி அர்ச்சுனா ஆகியவற்றைக் கொஞ்சம் காது பழகிய பிறகு பார்த்தால் சுவை கூடும்.

2. தேதியைக் கண்டுபிடியுங்கள்

இதுதான் மிகவும் கடினமான படி. இணையத்தில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய பதிவுகள்தான் வரும். ஆண்டு போடாத நோட்டீஸின் படம் ஒன்றை நம்பி முப்பது கிலோமீட்டர் போய்விட நேரும்.

நம்பகமானது சுவரொட்டியும் அச்சடித்த நோட்டீஸும்தான். அவை ஒட்டப்படும் இடங்கள் எல்லா ஊர்களிலும் ஏறக்குறைய ஒன்றே: பஸ் நிறுத்தத்து நிழற்குடை, டீக்கடைச் சுவர், கோயில் வாசல், ரேஷன் கடைக்கு எதிரே இருக்கும் சுவர். ராமநாதபுரத்திலிருந்து தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருப்புல்லாணி, கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும், வடக்கே தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரைக்கும், கிழக்கே உச்சிப்புளி, மண்டபம் பக்கமும் ஒரு பகல் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய் வந்தாலே சில தேதிகள் கிடைத்துவிடும்.

அடுத்த வழி, அச்சகங்கள். விழா நோட்டீஸ் அடிக்கும் சிறு அச்சகத்தில் போய் ‘அண்ணே, இந்த மாதம் எந்த ஊருக்கு நாடக நோட்டீஸ் அடித்தீர்கள்?’ என்று கேளுங்கள். எனக்கு அதிகத் தேதிகள் கிடைத்தது இப்படித்தான். மைக் செட், பந்தல் வேலை செய்பவர்களும் தேதிகளை மனப்பாடமாகச் சொல்வார்கள். எந்த இரவில் எந்த ஊருக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வேண்டும் என்பது அவர்கள் பிழைப்பு.

மூன்றாவது வழி, நடிகர் சங்கங்கள். மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி, திண்டுக்கல் ஆகிய ஊர்களில் நாடக நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. ஊர்க்காரர்களுக்கும் நடிகர்களுக்கும் இடையில் நின்று தேதி பேசி முடிப்பவர்களை நாடக அமைப்பாளர் என்பார்கள். அவர்களிடம் ஆண்டு முழுவதற்குமான தேதிக் குறிப்பு இருக்கும். மதுரைப் பக்கம் போகிறீர்கள் என்றால் நேரில் விசாரிக்கலாம். மரியாதையாகக் கேட்டால் சொல்வார்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் அவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. மாசியிலேயே கேட்டு வைப்பது நல்லது.

கடலோர ஊர்களைப் பொறுத்தவரை ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில் விசைப்படகுத் தொழிலாளர்கள் ஊரிலேயே இருப்பார்கள். பள்ளிகளுக்கும் கோடை விடுமுறை. அந்த வாரங்களில் மேடைக்கு எதிரில் கூட்டம் நிறைந்திருக்கும். கூட்டம் நிறைந்த இரவில் நடிகர்கள் பாடும் பாட்டே வேறு.

3. நோட்டீஸைச் சரியாகப் படியுங்கள்

நோட்டீஸில் தமிழ் மாதத் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் இருக்கும். மூன்றும் பொருந்துகின்றனவா என்று நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். அச்சுப் பிழை அடிக்கடி நேரும். ஊர்க்காரர்கள் கிழமையைத்தான் மனதில் வைத்திருப்பார்கள்.

விழா எட்டு நாள், பத்து நாள் என்று நடக்கும். முதல் நாள் காப்புக் கட்டு, பிறகு கும்மி, ஒயிலாட்டம், முளைப்பாரி, பால்குடம், பூக்குழி என்று நிகழ்ச்சிகள் வரிசையாக இருக்கும். ‘கலை நிகழ்ச்சி’ என்று மட்டும் போட்டிருந்தால் அது நாடகமாக இருக்க வேண்டியதில்லை. பாட்டுக் கச்சேரியோ பட்டிமன்றமோ ஆடல் பாடலோ ஆகலாம். நாடகத்தின் பெயரும் ‘ராஜபார்ட்’, ‘ஸ்திரீபார்ட்’ என்ற சொற்களும் கண்ணில் பட வேண்டும். பெரும்பாலும் நாடகத்துக்கென்று தனி நோட்டீஸ் அடித்து, நடிகர்களின் படங்களையும் போட்டிருப்பார்கள்.

அதில் நாரதராக வருபவர் யார், பின்பாட்டு யார் என்று பாருங்கள். எல்லோரும் ராஜபார்ட்டின் பெயரைப் பார்ப்பார்கள். என் அனுபவத்தில் ஓர் இரவைத் தூக்கி நிறுத்துவது பின்பாட்டுக்காரர்தான். ஆர்மோனியத்தில் விரல் வைத்துக்கொண்டே நடிகர் விடும் இடத்தை எடுத்துப் பாடி, தொண்டை கட்டியவரைக் காப்பாற்றி, வாதம் சோர்ந்தால் ஒரு கேள்வியைத் தூக்கிப் போட்டு விடியும்வரை கொண்டு செல்பவர் அவர். பெயர்களைக் குறித்து வையுங்கள். அடுத்த நாடகத்தைத் தேர்ந்தெடுக்க உதவும்.

தேதியில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘வெள்ளிக்கிழமை இரவு 10 மணியளவில்’ என்றால் நாடகம் முடிவது சனிக்கிழமை காலை. விடுப்பு, ரயில் முன்பதிவு, அறை எல்லாவற்றையும் சனிக்கிழமைக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

4. அன்று மாலை நான்கு மணிக்கு மறுபடியும் கேளுங்கள்

ஊரில் ஒரு சாவு விழுந்தால் நாடகம் தள்ளிப்போகும். கோடை மழை இறங்கினால் மேடை நனைந்து நின்றுவிடும். காவல்துறை அனுமதி கடைசி நேரத்தில் இழுபறியாவதும் உண்டு. இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கிக்குச் சட்டக் கட்டுப்பாடு இருப்பதால், அனுமதி, ஒலி அளவு பற்றி விழாக் கமிட்டியும் காவல் நிலையமும் பேசி முடிக்க வேண்டியிருக்கிறது. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்ட கோடையில் இந்தச் சிக்கல் கூடும்.

நோட்டீஸில் கமிட்டிக்காரர்களின் தொலைபேசி எண் இருக்கும். காலையில் கேட்காதீர்கள், விழா வேலையில் யார் எடுத்தாலும் ‘நடக்கும், நடக்கும்’ என்றுதான் சொல்வார்கள். மாலை நான்கு மணிக்குப் பேசி, ‘நடிகர்கள் கிளம்பிவிட்டார்களா?’ என்று கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் உண்மையான பதில்.

5. போகவும் வரவும் வண்டி

வெளியூரிலிருந்து வருபவர்கள் மதுரை மாட்டுத்தாவணியில் ராமநாதபுரம் அல்லது ராமேஸ்வரம் பஸ் பிடிக்கலாம். மதுரையிலிருந்து ராமநாதபுரம் சுமார் 110 கிலோமீட்டர். ரயிலில் வருபவர்களுக்கு ஒரு குறிப்பு: பழைய பாம்பன் பாலம் மூடப்பட்டிருந்த காலத்தில் ரயில்கள் ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ நின்றுவிடும் என்ற தகவல் இன்னும் பல இடங்களில் கிடக்கிறது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. ராமேஸ்வரம் வரை மறுபடியும் ரயில் போகிறது. எப்படியும் நாடகத்துக்கு ராமநாதபுரத்தில் இறங்குவதுதான் வசதி. எல்லாத் திசைக்கும் டவுன் பஸ் அங்கிருந்துதான்.

சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் உள்கிராமங்களுக்குக் கடைசி டவுன் பஸ் நாடகம் தொடங்குவதற்கு வெகு முன்பே போய்விடும். காலையில் முதல் பஸ் எப்போது என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆகவே போகும்போதே நடத்துநரிடம் இரண்டையும் கேளுங்கள்: ‘அண்ணே, இந்த ஊருக்கு ராத்திரிக் கடைசி வண்டி எது? காலையில் இங்கிருந்து முதல் வண்டி எத்தனை மணிக்கு?’

நான் இப்போது செய்வது இதுதான். மாலை ஆறு, ஏழு மணி பஸ்ஸில் போய்விடுவேன். காலையில் முதல் பஸ்ஸில் திரும்புவேன். நடுவில் ஊரை விட்டு நகர்வதில்லை. ஆட்டோ வைத்துப் போவதானால் மூன்று பேர் சேர்ந்து போங்கள். வண்டி இரவு முழுவதும் காத்திருக்குமா, விட்டுவிட்டுக் காலையில் வருமா என்பதைப் பேசி, தொகையை முடிவு செய்த பிறகே ஏறுங்கள். அதிகாலை நான்கு மணிக்கு மணல் சாலையில் நின்றுகொண்டு பேரம் பேச முடியாது.

சொந்த இரு சக்கர வாகனத்தில் போகிறவர்களுக்கு ஒரு சொல். சாலையோரத்தில் சீமைக்கருவேல முள் கிடக்கும். டயர் பஞ்சரானால் காலை வரை கடை திறக்காது. அதைவிட முக்கியம், விடிய விடிய விழித்துவிட்டு உடனே வண்டி ஓட்டாதீர்கள். கடற்கரைச் சாலை நேராகவும் ஆள் நடமாட்டம் இல்லாமலும் இருப்பதால் கண் மூடுவது தெரியாது. மேடையடியிலேயே ஒரு மணி நேரம் படுத்து எழுந்து கிளம்புங்கள்.

6. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

நாடகம் பார்க்க எந்த ஆவணமும் தேவையில்லை. வழியில் தேவைப்படும். இது கடல் எல்லைப் பகுதி. இரவில் கடற்கரைச் சாலையில் சோதனைச் சாவடிகளும் ரோந்தும் இருக்கும். ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டையின் அசல், வண்டியில் போனால் ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீடு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நிறுத்திக் கேட்டால் ‘இன்ன ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் பார்க்கப் போகிறேன்’ என்று சொல்லி நோட்டீஸைக் காட்டுங்கள். அதனால் நோட்டீஸைக் கைப்பேசியில் படமாகவும் பையில் தாளாகவும் வைத்துக்கொள்வது என் வழக்கம். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

விடுதிக்கும் அடையாள அட்டை தேவை. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: வாடகை 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா? மதியக் கணக்கு என்றால், நீங்கள் இரவு முழுவதும் மண் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, காலை ஏழு மணிக்குப் படுத்து, பதினொன்றரைக்குக் கதவு தட்டப்பட்டு எழ வேண்டியிருக்கும். 24 மணி நேரக் கணக்கு வைத்திருக்கும் விடுதியில் மதியம் இரண்டு மணிக்கு அறை எடுங்கள். மதியமும் தூங்கலாம், மறுநாள் காலையும் தூங்கலாம். ராமேஸ்வரத்தில் அமாவாசை நாட்களிலும் கோடை விடுமுறையிலும் அறை கிடைப்பது கடினம், ராமநாதபுரமே நல்லது.

7. செலவு

அனுமதி இலவசம். பஸ்ஸில் போய் வந்து, டீ, தின்பண்டம், சாப்பாடு எல்லாம் சேர்த்தாலும் ராமநாதபுரத்திலிருந்து ஒருவருக்கு 300 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். அறை எடுத்தால் அது தனி. ஆட்டோ எடுத்தால் செலவில் பெரும் பங்கு அதற்குத்தான் போகும்.

பணத்தைச் சில்லறையாகக் கொண்டு போங்கள். கடைகளில் ஜிபே அட்டை தொங்கும். ஆயிரம் பேர் கூடிய இடத்தில் இரவில் சிக்னல் கிடைக்காது. கோயிலில் அன்னதானம் இருந்தால் தயங்காமல் உட்காருங்கள், அழைப்பார்கள். சாப்பிட்ட பிறகு உண்டியலில் உங்களால் முடிந்ததைப் போடுங்கள். விழாவுக்கு நன்கொடை தர விரும்பினால் கமிட்டி மேசையில் கொடுத்து ரசீது வாங்குங்கள். வெளியூர்க்காரர் என்று தெரிந்து ரசீதுப் புத்தகம் இல்லாமல் யாராவது தனியாகக் கேட்டால், மேசையில் கொடுத்துவிடுகிறேன் என்று பணிவாகச் சொல்லிவிடுங்கள்.

8. மதியத் தூக்கமும் பையும்

அன்று மதியம் இரண்டு மணி நேரமாவது தூங்குங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் புதியவர்கள் கேட்பதில்லை. பகலெல்லாம் ராமேஸ்வரம் கோயிலும் தனுஷ்கோடியும் சுற்றிவிட்டு இரவு நாடகத்துக்கு வருபவர்கள் பன்னிரண்டரைக்கே சாய்ந்துவிடுகிறார்கள். மே மாதத்து அக்னி நட்சத்திர வெயிலில் பகலில் அலைந்த உடம்பு இரவில் ஒத்துழைக்காது. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள், அரை வயிற்றுக்கு முடியுங்கள்.

பையில் பாய் அல்லது கனமான ஜமுக்காளம், மேலே போர்த்த ஒரு துண்டு, டார்ச், குடிதண்ணீர். இந்தக் கடற்கரையில் பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு. தண்ணீரை நம்பி வராமல் ஒருவருக்கு இரண்டு லிட்டராவது கொண்டு வாருங்கள். டார்ச்சை விளையாட்டாக எண்ணாதீர்கள். மேடையைச் சுற்றி வெளிச்சம் இருக்கும், இருபதடி தள்ளினால் கும்மிருட்டு. மணலும் முள்ளும் நிறைந்த இந்த நிலத்தில் சுருட்டைவிரியன் உண்டு. இருட்டில் ஒதுங்கப் போகும்போது வெளிச்சமில்லாமல் காலை வைக்க வேண்டாம்.

பெண்களுக்கு என் தனிக் குறிப்பு: கழிப்பறையை ஊருக்குள் நுழைந்தவுடனே விசாரித்துக்கொள்ளுங்கள். பொதுக் கழிப்பறை இருந்தாலும் இரவில் பூட்டிவிடுவார்கள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் ஓர் அக்காவிடம் எட்டு மணிக்கே பேசி வைத்தால், நள்ளிரவில் தயங்காமல் போகலாம். ‘நாடகம் பார்க்கத் தனியாக வந்தீர்களா?’ என்று வியந்து, டீயும் கொடுத்து, தங்கள் பாயிலேயே இடமும் போட்டுக் கொடுத்த வீடுகள் எனக்கு இந்தக் கரையில் பல உண்டு.

9. இடம் பிடிப்பது

ஊர்ப் பெண்கள் சாயங்காலமே பாயையும் சாக்கையும் விரித்து, காற்றில் பறக்காமல் இருக்க மூலையில் கல் வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் இல்லையே என்று அதை நகர்த்தாதீர்கள். நகர்த்தினால் வரும் சண்டையில் உங்கள் பக்கம் யாரும் நிற்க மாட்டார்கள். முன்வரிசை குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும். பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் இன்னொரு பக்கமும் உட்காரும் ஊர்கள் உண்டு. வந்தவுடன் கவனித்து அதன்படி உட்காருங்கள். நாற்காலி கொண்டு வந்தால் கடைசி வரிசைதான்.

மேடை பெரும்பாலும் கோயிலைப் பார்த்தபடி இருக்கும். சாமியும் நாடகம் பார்க்கிறது என்பது கணக்கு. கோயிலுக்கும் மேடைக்கும் நடுவில் ஒரு பாதையை விட்டிருந்தால் அதில் பாய் விரிக்க வேண்டாம். நான் உட்காருவது ஆர்மோனியக்காரர் அமர்ந்திருக்கும் பக்கம். வாத்தியக்காரர்கள் மேடையின் ஓரத்தில் நடிகர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். நடிகரும் பின்பாட்டுக்காரரும் கண்ணாலேயே பேசிக்கொள்வது அங்கிருந்து தெரியும். கடற்காற்று பலமாக வீசும் இரவில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் இது அதிகம். குழாய்க்கு எதிரே காற்று போகும் திசையில் உட்கார்ந்தால் சொற்கள் தெளிவாக விழும்.

ஊர்க்காரர்களோடு பேசுங்கள், நன்றாகப் பேசுவார்கள். ஆனால் இது எந்த ஆட்களின் விழா, யார் எந்தத் தெரு என்று தோண்ட வேண்டாம். எந்த ஊரிலிருந்து வருகிறேன், எந்த நடிகரைப் பார்க்க வந்தேன் என்று நீங்கள் சொன்னாலே பேச்சு பெருகிவிடும்.

10. இரவின் நேரக் கணக்கு

நோட்டீஸில் பத்து மணி என்று இருந்தால் பதினொன்றுக்குத் தொடங்கும். பூசை முடிய வேண்டும், கரகம் வந்து சேர வேண்டும், கமிட்டித் தலைவருக்குத் துண்டு போர்த்த வேண்டும். இந்தத் தாமதத்துக்குக் கோபப்பட்டுக் கிளம்பிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அவர்கள் எதையும் பார்க்கவில்லை.

முதலில் பின்பாட்டுக்காரர் கடவுள் வாழ்த்துப் பாடுவார். பிறகு பபூன் வருவார். தனியாகப் பாடி, பேசி, ஊர்க்காரர்களை வம்புக்கு இழுத்துச் சிரிக்க வைப்பார். அடுத்து டான்ஸ் காமிக் என்று அழைக்கப்படும் நடிகை வந்து இருவரும் பாட்டும் சண்டையுமாகப் போவார்கள். பன்னிரண்டரை, ஒரு மணி வரை இதுதான். இரட்டை அர்த்தப் பேச்சு இருக்கும். சிறு பிள்ளைகளோடு வருபவர்கள் இதை அறிந்து வாருங்கள். ஊர்ப் பெண்கள் சில இடங்களில் சிரிப்பார்கள், சில இடங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், யாரும் எழுந்து போக மாட்டார்கள். எனக்கு எல்லா இரவிலும் இது பிடிப்பதில்லை. ஆனால் நல்ல பபூன் ஒருவர் குடிநீர்க் குழாயில் தண்ணீர் வராததையும் மீன் விலையையும் வைத்து ஊரையே பேச வைக்கும்போது, இது இல்லாமல் அந்த இரவு தொடங்கவே முடியாது என்று தோன்றும்.

இங்கேதான் பெரிய பொறி. காமிக் முடிந்ததும் கூட்டத்தில் கால்வாசி எழுந்து போகும். புதியவர்களும் ‘நாடகம் பார்த்துவிட்டோம்’ என்று எழுந்துவிடுகிறார்கள். கதை இன்னும் தொடங்கவே இல்லை. அந்த நேரத்தில் எழுந்து ஒரு டீயோ சுக்குக் காபியோ குடித்து, முகம் கழுவி, காலியான இடத்தில் இரண்டு வரிசை முன்னால் போய் உட்காருங்கள்.

வள்ளி திருமணம் என்றால் இப்போது வள்ளியும் தோழியும் தினைப்புனத்துக்கு வருவார்கள். நாரதர் வந்து வள்ளியோடு வாதம் செய்வார். ஆணா பெண்ணா, இல்லறமா துறவறமா என்று எங்கிருந்தோ தொடங்கி, திருக்குறளும் புராணமும் விடுகதையும் கணக்குமாக வாதம் வளரும். ஸ்திரீபார்ட் கெட்டிக்காரியாக இருந்தால் நாரதருக்கு வியர்த்துவிடும். பிறகு ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்தே பாடத் தொடங்குவார். முகம் தெரிவதற்கு முன் குரல் வரும். அந்த முதல் விருத்தத்துக்காக நாற்பது கிலோமீட்டர் சைக்கிளில் வந்த காலத்தைச் சொல்லும் முதியவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். மணி இரண்டு இருக்கும். வேடனுக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கம் நான்கு வரைக்கும் போகலாம். பிறகு கிழவர், தேனும் தினைமாவும், யானை, கடைசியில் கல்யாணம். கிழக்கு வெளுத்திருக்கும்.

அரிச்சந்திராவில் உங்கள் கணக்கு வேறாக இருக்க வேண்டும். மயான காண்டம் வருவது பின்னிரவில், மூன்று மணிக்கு மேல். லோகிதாசன் பாம்பு கடித்து இறந்து, சந்திரமதி அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போது, சுடலை காக்கும் அரிச்சந்திரன் கால் பணமும் முழத்துண்டும் வாய்க்கரிசியும் கேட்டு மறிக்கிறான். தன் பிள்ளைக்குத்தான் கேட்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாது. அவள் புலம்பும்போது எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் தங்கள் வீட்டுச் சாவுகளைச் சொல்லி அழுததைக் கேட்டிருக்கிறேன். இந்தக் காட்சியில் எழுந்து நடமாடாதீர்கள், கைப்பேசி வெளிச்சம் காட்டாதீர்கள். தூக்கம் தாங்கவில்லை என்றால் ஒரு மணியிலிருந்து இரண்டரை வரை பாயில் படுத்துத் தூங்கிவிட்டு, இந்தக் காட்சிக்கு எழுப்பிவிடும்படி பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி வையுங்கள். நிச்சயம் எழுப்புவார்கள்.

11. பணம் கொடுப்பதும் படம் எடுப்பதும்

பாட்டு பிடித்துவிட்டால் அன்பளிப்புக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கமிட்டியாரிடமோ மேடையோரம் இருப்பவரிடமோ பெயரும் ஊரும் சொல்லிக் கொடுங்கள், மைக்கில் அறிவிப்பார்கள். 50, 100 என்று எதுவும் மரியாதையான தொகைதான். நடிகையின் உடையில் ரூபாய் நோட்டைக் குத்துவதற்கு மேடையேறும் ஆண்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உடன் வருபவர்களையும் செய்ய விடாதீர்கள். இரவெல்லாம் நின்று பாடி, காலையில் பஸ் பிடித்து, அடுத்த ஊரில் மறுபடியும் நிற்கப் போகிற உழைப்பாளி அவர். வாத்தியக்காரர்களுக்கும் கொடுங்கள், அவர்களை யாரும் நினைப்பதில்லை.

படமெடுக்க வேண்டுமானால் தொடங்குவதற்கு முன் கமிட்டியிடமும், முடிந்தால் நடிகர்களிடமும் கேளுங்கள். சிலர் யூடியூபுக்கென்று ஒருவருக்கு உரிமை கொடுத்திருப்பார்கள். கேட்காமல் எடுத்துப் போட்டால் பிரச்சினை வரும். டான்ஸ் காமிக் ஆடும் அரை நிமிடத்தை மட்டும் வெட்டிப் பரப்புவது அந்த நடிகைக்கும் அவர் பிள்ளைகளுக்கும் எவ்வளவு துன்பம் தருகிறது என்பதை ஒரு நடிகை என்னிடம் வருந்திச் சொன்னார். உங்கள் நினைவுக்கு வேண்டுமானால் பாட்டைக் குரல் பதிவாக எடுங்கள், அனுமதியோடு.

ஒப்பனைக் கொட்டகைக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். நடிகர்களோடு பேச விரும்பினால் முடிந்த பிறகு, அவர்கள் முகம் கழுவி டீ குடிக்கும்போது போங்கள்.

12. விடிந்த பிறகு

மங்களம் பாடியதும் ஊர் சட்டென்று கலைந்துவிடும். முதல் பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் முன்பே நிறுத்தத்தில் நில்லுங்கள். நடிகர்களும் அதே பஸ்ஸில் ஏறக்கூடும். உங்கள் குப்பையையும் தண்ணீர்ப் புட்டிகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். காற்று அவற்றை நேராகக் கடலுக்குத்தான் கொண்டு போகும்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பின்பாட்டுக்காரரிடமோ ராஜபார்ட்டிடமோ ‘ஐயா, இந்தப் பக்கம் அடுத்தது எந்த ஊரில்?’ என்று கேளுங்கள். சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்துப் பார்த்து ஊரும் கிழமையும் நாடகமும் சொல்வார்கள். அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று, திரும்பும் பஸ்ஸிலேயே நடத்துநரிடம் விசாரித்துவிடலாம்.